காட்டு விளிம்பில் மறைந்தோர்

மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றிலே தேயிலையின் கடைசி நிரை முடியுமிடத்திற் காடு தொடங்கிவிடுகிறது. இடையே மதிலும் இல்லை, வேலியும் இல்லை. றொசல்லையிலும் வட்டவளையிலும் ஹற்றனிலும் வாழும் நேயர்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்றாடம் கண்ணுக்கு முன்னே நிற்பது அக்காடு. ஆயினும் அதனுள்ளே சென்ற ஒருவர் திரும்பவில்லை என்ற செய்தி வந்துவிட்டால், பழகிய காடு உடனே மாயக் காடாகி விடுகிறது. பேய் அடித்தது என்பார் ஒருவர். பகைவர் கடத்திச் சென்றனர் என்பார் மற்றொருவர். காடு தன் இயல்பினாலேயே ஒரு மனிதனை மறைக்க வல்லது என்பதை மட்டும் எவரும் எண்ணுவதில்லை. இதற்குத் தக்க சான்றாக, உலகெங்கும் பேசப்பட்ட ஒரு மறைவை இன்று ஆராய்வோம். அது நிகழ்ந்தது இலங்கையில் அன்று. ஆனால் நம் மலைகளின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஒரு மலையில்.

மலேசியாவிலே பகாங் மாநிலத்தில் உள்ளது கேமரன் மலை. 1885 ஆம் ஆண்டில் அம்மலையை அளவிட்ட வில்லியம் கேமரன் என்பாரின் பெயரே அதற்கு வழங்குகிறது. அதன் நடுவேயுள்ள தானா ராத்தா என்னும் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீற்றர் உயரத்தில், ஹற்றனைவிடச் சற்றே மேலே அமைந்தது. 1929 இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. காடழித்துக் கன்று நட்டோருள் தமிழகத்திலிருந்து சென்ற நம்மவரும் இருந்தனர். ஆகவே அங்கும் லயங்கள் உண்டு, கோயில் உண்டு, பிற்பகலில் இறங்கும் மூடுபனியும் உண்டு. சரிவெங்கும் தேயிலை, உச்சியெங்கும் பாசி படர்ந்த காடு.

அம்மலைக்கு 1967 மார்ச் மாதத்தில் விருந்தினராக வந்தவர் ஜிம் தொம்சன் என்னும் அமெரிக்கர். கட்டடக் கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் இரகசியச் சேவையிற் பணியாற்றி, போர் முடிந்த காலத்திற் பாங்கொக் நகரை அடைந்தவர். அங்கே கைத்தறிப் பட்டு நெசவு நலிந்து கிடப்பதைக் கண்டு, 1948 இல் தாய்ப் பட்டுக் கம்பனியை நிறுவி, அந்நாட்டுப் பட்டினை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றார். அவர்தம் பட்டு அமெரிக்க நாடக மேடைகளிலும் மின்னிற்று. அறுபத்தொன்றாவது பிறந்த நாள் கழிந்து ஐந்தே நாட்களில் அவர் காணாமற்போனார்.

அன்று மார்ச் 26, உயிர்த்த ஞாயிறு. நண்பர்களுடன் உச்சிக் காட்டை அண்டி வனபோசனம் முடித்துவிட்டு, தாம் தங்கியிருந்த ‘மூன்லைற்’ பங்களாவுக்குத் திரும்பினார். மற்றையோர் பகலுறக்கம் கொள்ளச் சென்றனர். பிற்பகல் மூன்று மணியளவில் சரளைக்கல் பாதையிற் காலடியோசை கேட்டதாகப் பின்னர் கூறினர். அதன்பின் அவரைக் கண்டதாக ஐயமறச் சொல்வதற்கு எவரும் இல்லை. மேலங்கி நாற்காலியிற் கிடந்தது. சிகரெட்டும், நோவு வரும்போது உட்கொள்ளும் மாத்திரைப் பெட்டியும் பங்களாவிலேயே இருந்தன. நெடுந்தூரம் செல்ல நினைப்பவர் விட்டுச் செல்லும் பொருட்களா இவை? சற்றே உலாவி வரலாம் என்று எழுந்தவரே அவர் எனக் கொள்வதுதான் பொருத்தம்.

தேடுதல் பெரிதாகவே நடந்தது. பொலிசாரும் படையினரும், காட்டின் மைந்தரான பழங்குடித் தடங்காணிகளும், மந்திரவாதிகளும், விடுமுறைக்கு வந்திருந்தோரும் காட்டை அலசினர். ஹெலிகொப்டர்களும் பறந்தன. ஒரு துணித்துண்டும் அகப்படவில்லை. ஞானதிருட்டி உடையவர் எனப் பெயர் பெற்றிருந்த பீற்றர் ஹர்க்கோஸ் என்பார் அழைக்கப்பட்டார். அவர் தொம்சனைக் கம்போடியாவுக்குக் கடத்திவிட்டனர் என்று உரைத்தார். அது தொடக்கம் கதைகளுக்குக் குறைவில்லை. பழைய இரகசியச் சேவைக்காரர் ஆகையால் அரசியற் பகைவர் கொண்டு சென்றனர் என்றது ஒரு கதை. புலி தின்றது என்றது மற்றொன்று. லொறி மோதிச் சாரதி பிணத்தைப் புதைத்தான் என்றது வேறொன்று. 2017 இல் வெளிவந்த ஓர் ஆவணப்படமும் மலாயாக் கம்யூனிஸ்டுகளே அவரைக் கொன்றனர் என்று செவிவழிச் செய்தியொன்றை முன்வைத்தது.

இக்கதைகள் அனைத்துக்கும் அடித்தளம் ஒன்றே: ‘தேடினர், கிடைக்கவில்லை; ஆகவே அவர் அங்கே இல்லை’ என்னும் வாதம். இவ்வாதத்தின் வலிமையை இனிச் சோதித்துப் பார்ப்போம்.

2013 ஜூலையில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலே, அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடந்து சென்ற அறுபத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர், காலைக்கடனுக்காகப் பாதையை விட்டு ஒதுங்கினார். மீண்டும் பாதை அவருக்குத் தென்படவில்லை. கைத்தொலைபேசியிற் கணவருக்குச் செய்தி அனுப்ப முயன்றார், அலை கிட்டவில்லை. அலையைத் தேடி மேட்டுநிலத்தை நோக்கி ஏறினார். கூடாரமிட்டுக் காத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியபின், 2015 ஒக்டோபரில், பாதைக்கு அப்பால் காட்டினுள்ளே அவர்தம் எச்சங்கள் கிடைத்தன. அருகிலிருந்த நாட்குறிப்பு, குறைந்தது 26 நாட்கள் அவர் உயிரோடிருந்ததைக் காட்டிற்று. மோப்ப நாய்களுடன் சென்ற தேடுவோர் அவ்விடத்துக்கு நூறு கஜ அளவுக்கு அண்மையில் வந்து திரும்பியிருந்தனர். நேயர்களே, உயிரோடு, கூடாரத்தோடு, காணப்படவேண்டும் என்னும் தவிப்போடு இருந்த ஒருவரையே காடு இவ்வாறு மறைத்தது. எவரேனும் கடத்தியிருந்தாலன்றி இப்படி நிகழாது என்று அவ்விரண்டாண்டிற் பேசியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

வழி தவறுவதும் அறிவீனத்தால் வருவதன்று. 2009 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர், நேர்கோட்டில் நடக்குமாறு சொல்லி மனிதரைக் காட்டிலும் பாலைவனத்திலும் நடக்கவிட்டுச் செயற்கைக்கோள் கருவியால் அவர்களின் தடத்தை அளந்தனர். சூரியனோ சந்திரனோ தெரிந்தவரையில் அவர்கள் நேராகவே நடந்தனர். முகில் மூடியபோது காட்டில் நடந்தோர் வட்டமிடலாயினர். தாம் முன்பு கடந்த தடத்தையே அறியாமல் மீண்டும் கடந்தனர். தாம் நேரே செல்வதாகவே எண்ணினர் என்பதுதான் வியப்பு. மலைநாட்டில் மூடுபனி செய்வதும் இதுவே. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வேளையில், காலுக்குத் திசையறியும் ஆற்றல் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்பது பலரும் நம்பும் அறிவுரை. சமவெளியில் அது சரி. மலைச்சரிவிலோ ஓடை நம்மை அழைத்துச் செல்வது பெரும்பாலும் அருவியின் தலைக்கு. ஏறவும் இயலாது, இறங்கவும் இயலாது என்னும் வழுக்குப் பாறையில் அது கொண்டு நிறுத்தும். நீரின் இரைச்சலில் கூப்பிடுவோர் குரலும் கேளாது. உச்சிக் காட்டிலோ வேர்களுக்கு இடையேயுள்ள பொந்துகளைப் பாசி மெத்தைபோல் மூடியிருக்கும். தரையென்று கால் வைத்தால் இடுப்பளவு இறங்கும். ஈரமும் வெப்பமும் பூச்சிகளும் காட்டுப் பன்றியும் சேர்ந்து எஞ்சியதைச் சிதைக்கவும் சிதறடிக்கவும் நெடுங்காலம் எடுப்பதில்லை.

இதற்கு மாறான சாட்சி ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மலாயாக் காடுகளையும் பழங்குடியினரையும் நன்கறிந்த ரிச்சட் நூன் என்பார் பழங்குடி மந்திரவாதி ஒருவரையும் உடன்கொண்டு கேமரன் காட்டுக்குட் சென்றார்; தொம்சன் அக்காட்டில் இல்லை என்று திரும்பி வந்து கூறினார். விதியின் விளையாட்டென்றே சொல்லவேண்டும், ரிச்சட் நூனின் தமையனாரும் மானிடவியல் அறிஞருமான பற் நூன், உலகப் போரின்போது 1943 இல் மலாயாக் காட்டிலே மறைந்தவர். அவர் காட்டில் வழி தவறவில்லை. தம்மோடு பழகிய பழங்குடியினரின் ஊதுகுழல் அம்புக்கு இரையானார் என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. ஆகையால், காணாமற்போனார் எல்லாரும் தவறி வீழ்ந்தார் என்று அடித்துப் பேசவும் கூடாது. எனினும், தொம்சனைப் பொறுத்தவரை என் எண்ணம் ஒன்றே. முந்திய நாளிற்கூட அவரும் பங்களாவின் சொந்தக்காரரும் காட்டுப் பாதையிலே வழி தவறித் திண்டாடியே திரும்பினர். அப்படிப்பட்டவர் மறுநாள் தனியே சென்றார், வரவில்லை. இதற்குக் கம்போடியா வரை போகவேண்டுமா?

தொம்சனைத் தேடினர், நூல் எழுதினர், படம் எடுத்தனர். நம் முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை நோக்கி நடந்த காட்டுவழியை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. கோப்பிக் காலத்தில், 1840 களில், அவ்வழியிலே காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்தோர் ஆயிரக்கணக்கினர். கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. வீழ்ந்தவர் அங்கேயே விடப்பட்டார். தமிழகத்துக் கிராமத்திலிருந்த தாய்க்கு மகன் எங்கே என்று சொல்ல ஆளில்லை. அவர்களும் காணாமற்போனவர்களே, பெயர்ப்பட்டியல் மட்டும் இல்லை.

தொம்சனின் தமக்கையார் அதே 1967 ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள தம் வீட்டிலே கொலையுண்டு கிடந்தார். இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்று இன்றுவரை பேசுவோர் உளர்; தொடர்பைக் காட்டியவர் இலர். ஏழாண்டு கழிந்தபின், 1974 இல், தொம்சன் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். பாங்கொக்கின் கால்வாய்க் கரையிலே பழைய தேக்குமர வீடுகளைச் சேர்த்து அவர் அமைத்த இல்லம் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. எதிர்க்கரையிலே பாங்குருவா நெசவாளர் தறிகளிட்ட தெருக்கள். அவர்தம் பட்டினை முதலில் நெய்தவர்கள் அவர்களே.