மதகு, ஆறு, மூச்சு

அமராவதி அணையில் மதகைத் தூக்கியதும் தாராபுரத்துக்குத் தண்ணீர் வந்துவிடாது. ஆனைமலை அடிவாரத்தில் கிளம்பும் நீர், காய்ந்த மணல் குடித்தது போக, வழியிலுள்ள வாய்க்கால்கள் பிரித்துக்கொண்டது போக, மெல்லத்தான் வந்து சேரும். கடைமடை காய்கிறதே என்று பொறுமையிழந்து மதகை மேலும் மேலும் தூக்கினால், பிந்தி வரும் நீர் கரைபுரளும். அதைக் கண்டு பதறி அடியோடு அடைத்தால் மறுபடி வறட்சி. சேதி பிந்துகிறது, கை அளவுக்கு மேல் திருகுகிறது. இதயம் பலவீனமான பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இப்படித்தான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும் மகன் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் அப்பாவின் மூச்சு படிப்படியாகப் பெரிதாகி, இரைத்து, பிறகு தணிந்து தணிந்து நின்றேவிடுகிறது. நெஞ்சு அசையவில்லை. இருபது விநாடி, முப்பது விநாடி. தோளைத் தொடப் போகும்போது மெல்லத் திரும்ப வருகிறது. பார்ப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். டப்ளின் மருத்துவர் ஜான் செய்ன் 1818இல் இதைப் பதிவு செய்தார்; 1854இல் வில்லியம் ஸ்டோக்ஸ் விரிவாக எழுதினார். இருவர் பெயராலும்தான் இன்றும் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் சாதாரண நேரத்தில் மூச்சின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கரியமில வாயு. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் இதை நிறுவினார்கள். இரத்தத்தில் அதன் அழுத்தம் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரசம். அதைக் கண்காணிக்க மூளைத் தண்டில் உணரிகள் உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையிலும் அரிசி மணி அளவில் ஒன்று உண்டு. விழித்திருக்கும்போது அழுத்தம் சற்று இறங்கினாலும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். தூங்கும்போது அந்தச் சலுகை கிடையாது. வழக்கமான அளவிலிருந்து சில மில்லிமீட்டர் இறங்கினாலே மூளை மூச்சை நிறுத்திவிடும். இந்த இடைவெளி எவ்வளவு குறுகலோ, அவ்வளவு ஆபத்து.

அதைக் குறுக்குவது எது? இங்கே டெல்லியில் பணியாற்றிய அவதார் சிங் பெயின்டலை நினைக்காமல் இருக்க முடியாது. நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியிருக்கும் ‘ஜே’ உணரிகளை 1955இல் வெளிப்படுத்தியவர் அவர். இதயம் சரியாக இறைக்காதபோது இரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது. இந்த உணரிகள் விழித்துக்கொண்டு மூச்சை விரட்டுகின்றன. கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, நோயாளி எப்போதும் மூச்சு நிற்கும் அந்த விளிம்புக்கு அருகிலேயே இருக்கிறார். போதாததற்கு இரத்த ஓட்டமும் மந்தம். நுரையீரலில் நடந்தது கழுத்து உணரிக்குப் பிந்தித் தெரிகிறது. தெரிவதற்குள் மூச்சு எல்லை தாண்டியிருக்கும்.

இதயம் நன்றாக உள்ளவருக்கும் இது வரும். தமிழ்நாட்டிலிருந்து லடாக் போகும் படைவீரர்கள் வாழும் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் கழுத்து உணரி முறுக்கேறி நிற்கிறது. இரவில் மூச்சு அலையலையாக வரும். ஆனால் அங்கே ஓர் அலை சுமார் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதய நோயாளிக்கு ஒரு நிமிடத்தை ஒட்டி நீளும். சேதி எவ்வளவு பிந்துகிறது என்பதை அலையின் நீளமே காட்டிக்கொடுக்கிறது.

அப்படியானால் எந்திரம் வைத்து மூச்சைச் சீராக்கிவிட்டால் போதாதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். மூச்சு குறையும்போது கூட்டித் தரும் தானியங்கி முகமூடி எந்திரத்தை, இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். மொத்தம் 1,325 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2015இல் முடிவு வந்தது. மூச்சு சீரானது, ஆனால் எந்திரம் பெற்றவர்களிடையே இதயக் கோளாறால் இறக்கும் அபாயம் 34 சதவீதம் கூடியிருந்தது. பின்னர் வேறொரு எந்திரத்துடன் நடந்த ஆய்வில் அந்தத் தீங்கு தென்படவில்லை. ஆயுள் கூடவும் இல்லை. அதனால் முதல் சிகிச்சை இதயத்துக்குத்தான்: மாத்திரைகள், நீரை வெளியேற்றும் மருந்து, உப்பைக் குறைப்பது. இதயம் தேறினால் பலருக்கு மூச்சும் அடங்கி வருகிறது.

குறட்டைக்காரர்களுக்கு வரும் மூச்சுத் தடை வேறு. அதில் தொண்டைதான் அடைபடுகிறது. சத்தம் நின்ற நேரத்திலும் நெஞ்சும் வயிறும் காற்றுக்காகப் போராடிக்கொண்டிருக்கும். இதய நோயாளியின் மூச்சு நிற்கும்போதோ இரண்டும் அசையாமல் கிடக்கும். வீட்டில் இப்படிப் பார்த்தால், போர்வையை விலக்கி, நெஞ்சும் வயிறும் தெரிய ஐந்து நிமிடம் செல்போனில் படமெடுத்து, இதயத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் அவர் முன் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் மூச்சு சீராகவே இருக்கக்கூடும்.