நீலம் வரும்வரை

கார்பன் கலந்த எஃகுத் தகடு ஒன்றை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, நன்றாக மெருகேற்றிச் சூடு காட்டினால் அது நிறம் மாறத் தொடங்கும். சாயமும் வேண்டாம், பூச்சும் வேண்டாம். ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சள், 255ஐ ஒட்டிப் பழுப்பு, 280இல் கத்தரிப்பூ நிறம், 300ஐ நெருங்கும்போது அடர்நீலம். இன்னும் சூடேற்றினால் நீலம் வெளிறிச் சாம்பலாகிவிடும். எஃகில் புரோச்சும் உள்ளங்கையளவுச் சிற்பமும் செய்யும் இன்றைய கலைஞர்கள் பலர் இந்தச் சில நொடி இடைவெளியை நம்பித்தான் தீ உமிழும் டார்ச்சைக் கையில் எடுக்கிறார்கள்.

சூட்டில் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலமாகிறது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். விழும் ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பிலிருந்தும், மறு பகுதி அடியிலுள்ள உலோகத்திலிருந்தும் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில அலைநீளங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இந்தக் கணக்கில்தான். முதலில் அழிவது நீல ஒளி, எஞ்சுவது மஞ்சள். படலம் தடிக்கத் தடிக்க, அழியும் பகுதி பச்சைக்கும் பிறகு சிவப்பின் பக்கத்துக்கும் நகர்கிறது. அப்போது கண்ணுக்கு நீலம் வந்து சேர்கிறது. தொடக்கத்தில் இழந்த நிறமே கடைசியில் மிஞ்சுவதை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதே நேரத்தில் உள்ளே வேறொரு வேலை நடக்கிறது. செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்திய எஃகு மிகக் கடினமானது, ஆனால் தட்டினால் உடைந்துவிடும். படிக அடுக்குக்குள் வெளியேற முடியாமல் சிக்கிய கார்பன்தான் காரணம். மீண்டும் இதமாகச் சூடேற்றினால் அந்தக் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக நுண்துகள்களாகப் பிரிகிறது, இறுக்கம் தளர்கிறது. கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்லும் வேலையின் இரண்டாம் பாதி இது. சவரக்கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்துவார்கள், சுருள்வில்லுக்கு நீலம் வரை போவார்கள். ஆக, இப்படிக் கடினமாக்கிய பின் நீலமேறிய புரோச் ஊசி அழகாக இருக்கும் அதே சூட்டில் வளைந்து மீளும் தன்மையையும் பெற்றுவிடுகிறது.

வெளியே ஆக்சிஜன், உள்ளே கார்பன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் நடப்பது தற்செயல்தான். நிறம் சூட்டை மட்டுமல்ல, நேரத்தையும் பொறுத்தது; குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் நிறம் அடர்த்தியாகிக்கொண்டே போகும். அதனால்தான் கடிகாரத் திருகுகளுக்கு நீலமேற்றுபவர்கள் பித்தளைத் தூள் நிரப்பிய தட்டில் வைத்துச் சீராகக் காய்ச்சுகிறார்கள். ஒரு விரல் ரேகையின் எண்ணெய்ப்பிசுக்கு போதும், அந்த இடம் திட்டாகத் தனித்துத் தெரியும்.

இரும்பு நகை புதிதல்ல. நெப்போலியனை எதிர்த்த 1813 போரின்போது பிரஷ்யப் பெண்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டு வார்ப்பிரும்பு நகை அணிந்தார்கள். அது கருநிறப் பூச்சு பூசியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உட்ஸ்டாக் ஊரிலோ எஃகுக் குமிழ்களை வைரம்போலப் பட்டை தீட்டிப் பதித்தார்கள்.

படலம் இத்தனை மெலிதாக இருப்பதால் உராய்வும் வியர்வையும் அதற்கு ஆகாது. நீல எஃகு மோதிரமாவதைவிட உடுப்பில் குத்தும் புரோச்சாவது பொருத்தம். மெழுகு பூசினால் துருவும் சற்றுத் தள்ளி நிற்கும். துருவுக்கு அஞ்சுவோர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போகலாம். அதிலும் நிறம் வரும், ஆனால் குரோமியம் ஆக்சிஜனைத் தடுப்பதால் இன்னும் அதிகச் சூடு வேண்டும். பாத்திரங்களுக்குப் பயன்படும் வகை அமிழ்த்திக் காய்ச்சினாலும் கடினமாவதில்லை. அதில் செய்த ஊசிக்கு விறைப்பு வேண்டுமென்றால், சூடில்லாமல் கம்பியை அச்சுத்துளை வழியே இழுத்தோ சுத்தியலால் அடித்தோதான் வரவழைக்க வேண்டும்.