குளம் வெட்டும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் வருவது அடிவாரம். சேர்வராயன் மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தோப்பும் பண்ணை வீடுமாக இருக்கும் பகுதி. இங்கே வீடு கட்டுகிற பலருக்கும் இப்போது ஓர் ஆசை: கொல்லையில் ஒரு நீச்சல் குளம். நல்ல ஆசைதான். ஆனால் டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் போட வேண்டியது தண்ணீர்க் கணக்கு.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று வையுங்கள். கொள்ளளவு சுமார் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலு நடை. நிரப்புவது ஒருமுறைச் செலவு. கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்றால், இந்தப் பரப்பில் தினமும் 190 லிட்டர் போய்விடும். மாதத்துக்கு ஏறக்குறைய அரை லாரி. மணல் வடிகட்டியைப் பின்னோட்டமாகக் கழுவும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் சாக்கடைக்குப் போகும்.

ஆவியாகும்போது இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர் மட்டுமே மேலே போகிறது, உப்பு குளத்திலேயே தங்கிவிடுகிறது. மாக்னசைட் உள்ள குன்றுகள் பக்கத்திலேயே இருக்கிற ஊர் சேலம். பல இடங்களில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும். அதையே ஊற்றி ஊற்றிக் குளத்தை நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். பராமரிப்பில்லாத குளத்தில் நீர்மட்டம் நிற்கிற இடத்து டைல்ஸைப் பாருங்கள். விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஓடும். நகத்தால் சுரண்டினால் வராது. வெந்நீர்ப் பானையின் உள்பக்கம் படிவதும் அதே சுண்ணாம்புப் படிவம்தான்.

குளத்துத் தண்ணீரின் கார அமிலக் குறியீடு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் குளோரின் இருந்தும் கிருமியைக் கொல்லும் வேகம் குறையும். மூக்கை அரிக்கும் நெடி வந்தால் குளோரின் அதிகம் என்று நினைக்கிறோம். உண்மை வேறு: வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோராமைனின் வாடை அது. நல்ல குளத்தில் நெடி இருக்காது.

இனி எந்த வகைக் குளம் என்பது. இங்கே அதை முடிவு செய்வதில் பாறைக்குப் பெரிய பங்கு உண்டு. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடும்பாறை. நாலடி தோண்டியதும் அந்தப் பாறை தட்டுப்பட்டால் கடப்பாரை பேசாது. கம்ப்ரசர் வர வேண்டும், செலவு எகிறும். ஃபைபர் தொட்டி சில நாளில் பொருத்திவிடலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் 4 மீட்டர் அகலத் தொட்டியை ஏற்றிய லாரி உங்கள் தோப்புப் பாதையில் திரும்புமா?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைத் தண்ணீர் இறங்கி அடிவாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும். அந்த நேரம் பார்த்துக் கழுவுவதற்காகக் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து தண்ணீர் மேலே தள்ளும். உள்ளே 45 டன் எடை இருந்தவரை அமுங்கிக் கிடந்த தொட்டி படகுபோல எழும்பப் பார்க்கும். ஃபைபர் தொட்டி ஓரிரு டன்கூட இருக்காது, முழுசாகவே கிளம்பிவிடும். கான்கிரீட் தொட்டியும் வெடிப்பு விடும். அதனால் கம்பி கட்டிய கான்கிரீட் குளம், தரையில் அழுத்தம் விடும் வால்வு, மழைக்காலத்தில் காலி செய்யாத ஒழுங்கு என்பதே என் தேர்வு. வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் பிள்ளைகள் விளையாடத்தான் என்றால், தரைமேல் நிறுத்தும் தொட்டியே போதும்.

எதுவானாலும் நாலு பக்கமும் நாலடி வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 30 வயதை எட்டாதவர்கள். குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே கேட்காது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கையோ பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். அப்படி உங்கள் நிலத்தில் கிணறு இருந்தால், குளத்துக்கும் அது தாங்குமா என்று பார்க்க, சித்திரையிலும் வைகாசியிலும் மோட்டார் போட்டு இறைத்துவிட்டு, மறுநாள் காலை எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். வீட்டுக்கும் மரங்களுக்கும் போக மிச்சம் வந்தால் மட்டும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.