முதல் மடியில் ஏறிய மீன்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலான கடற்கரைக் கிராமங்களின் வழியே சாயங்கால வேளையில் நடந்து செல்கிற எவரும், கரையேற்றிய வள்ளங்களுக்கும் உலர்த்திய வலைகளுக்கும் நடுவே கிடைத்த கையகல மணலில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளைக் காணாமல் திரும்ப முடியாது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் கிரிக்கெட்டுக்கு உள்ள ஸ்தானம் இங்கே கால்பந்துக்கு உண்டு. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி அணிக்காக ஆடி 2017-18 ஐ-லீக் போட்டியின் சிறந்த நடுக்கள வீரர் என்ற கௌரவத்தைப் பெற்றபோது, அந்த அணி எங்கள் ஜனங்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

ஆனால் அந்த ஆண்டு அணியின் ஸ்திதி பரிதாபமானது. பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த பருவம் தொடங்குமுன் சூசைராஜும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். இந்த நிலையில் 2018 அக்டோபர் 26 அன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் இறங்கிய அதே அணி, இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றது. புதிதாக வந்திருந்த பெட்ரோ மான்சி ஒருவரே மூன்று கோல் போட்டார்.

அதற்குப் பின் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் உண்டான உத்ஸாகத்தை நான் கண்ணாரக் கண்டேன். பட்டியலில் அணி மேலே மேலே ஏற, "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்" என்று இளைஞர்கள் சாதிப்பதும், "ஏரோஸ் சின்னப் பிள்ளைகளின் அணி, அதை ஜெயித்தது ஒரு பெரிய காரியமா?" என்று விவரம் அறிந்தவர்கள் அடக்குவதுமாக வாதம் நாள்தோறும் வளர்ந்தது. ஒரு நாள், கடைத் திண்ணையில் அமர்ந்து வலையின் அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், தலை நிமிராமலே, "மக்கா, முதல் மடியில ஏறின மீனுக்கும் வெல உண்டுல்லா" என்றார்.

அந்த வார்த்தையைப் பின்னர் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தொடக்க வெற்றிகளைக் கண்டு மனம் பூரிப்பது பேதைமையா, நியாயமா என்ற கேள்வி உலகெங்கும் உள்ள ரசிகர்களுக்குப் பொதுவானது. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி முதல் 40 ஆட்டங்களில் 35-ஐ வென்று, கடைசியில் உலகத் தொடர்க் கோப்பையையும் கைக்கொண்டது. 1987-இல் மில்வாக்கி புரூவர்ஸ் அணியோ முதல் 13 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று ஊரையே ஆனந்தக் கடலில் ஆழ்த்திவிட்டு, மே மாதத்தில் 12 ஆட்டங்களை வரிசையாகத் தோற்று, தன் பிரிவில் மூன்றாவதாகவே முடித்தது. ஆரம்பம் ஒன்றுபோலிருந்தும் முடிவு வேறாயிற்று.

ஆகையால் ரசிகன் தன் நம்பிக்கையைக் கைவிட வேண்டுவதில்லை. அதற்கு ஆதாரம் தேடிக்கொண்டால் போதும். வென்ற ஆட்டங்கள் சொந்த மைதானத்தில் நடந்தவையா, அந்நிய மைதானத்தில் நடந்தவையா? எதிரிகள் பலசாலிகளா, பலவீனர்களா? கோல்கள் ஒருவர் காலிலிருந்தே வருகின்றனவா, பலரிடமிருந்து வருகின்றனவா? மற்ற அணிகள் நம் ஆட்டமுறையைப் படித்துக்கொண்ட பிறகும் அது செல்லுபடியாகிறதா? கன்னிப்பூப் பருவத்து நெல் நாற்றின் பச்சையைக் கண்டு மகிழும் நாஞ்சில் நாட்டு விவசாயி, மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்து வருகிறான் அல்லவா?

இதில் கணக்கும் ஒன்று இருக்கிறது. பேஸ்பாலின் 162 ஆட்டங்களில் ஒன்று துளியளவே. ஆனால் அன்றைய ஐ-லீக்கில் ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள்தாம். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. அக்டோபரில் பெற்ற மூன்று புள்ளிக்கும் மார்ச்சில் பெற்ற மூன்று புள்ளிக்கும் மதிப்பில் அணுவளவும் வித்தியாசம் இல்லை.

2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், கோவையில் மினர்வா பஞ்சாப் அணி ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களுக்குள்ளேயே ஒரு கோல் போட்டுவிட்டது. நம் அணி வென்றே தீர வேண்டிய நிலை. கோழிக்கோட்டிலோ கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி பட்டம் வெல்லும் தன் வாய்ப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தது. பிற்பாதியில் மான்சி பெனால்டியில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1 என்று ஜயம் நம்முடையதாயிற்று. ஈஸ்ட் பெங்காலும் அன்று வென்றது. முடிவில் நமக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை.

ஒரே ஒரு புள்ளி! சின்னப் பிள்ளைகளை வென்றது என்று எளிதாகப் பேசப்பட்ட அந்த முதல் நாள் ஆட்டம் சமநிலையில் முடிந்திருந்தால், இரண்டு புள்ளி குறைந்து, கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். வலை முடிந்த பெரியவர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.