உவர்நிலமும் வேர்க்கணு நுண்ணுயிரும்

கல்லாதவரைப் பயன்படாக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அத்தகைய நிலத்தில் வித்தும் உழைப்பும் ஒருங்கே வீணாதலை உழவர் நன்கறிவர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாய் நிற்கின்றது. அளவுமீறி இறைக்குமிடத்து உவர்நீர் மேலெழுந்து கிணற்றையும், அதன்வழித் தோட்டத்தையும் பற்றுகின்றது. 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையோ கிழக்கு, வடக்குக் கரையோரங்களிற் பல வயல்களையும் கிணறுகளையும் ஒரே காலைப்பொழுதில் உவராக்கிற்று. இந்நிலங்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆதலின் உவர்நிலத்திற் பயிர்செய்தற்கு நுண்ணுயிர்கள் எவ்வாறு துணையாகும் என்பதை, அவரைக் குடும்பப் பயிர்களை முன்னிறுத்தி ஈண்டு விளக்குவாம்.

வளியில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசனாகும். ஆயினும் பயிர் அதனை நேரே பயன்படுத்தமாட்டாது. பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலை முதலியவற்றின் வேர்களிற் காணப்படும் சிறு கணுக்களே இக்குறையை நீக்குகின்றன. 1886இல் ஜேர்மானியரான ஹெல்ரீகல், வில்பாத் என்போர் அவரையினப் பயிர்கள் வளியின் நைதரசனைப் பெறுதற்கு இக்கணுக்களே காரணம் என அறிவித்தனர். 1888இல் ஒல்லாந்தரான பெயரிங்கு கணுக்களினின்றும் பற்றீரியாவைப் பிரித்து வளர்த்தார். பயிர் தான் சமைத்த உணவில் ஒரு கூற்றை இப்பற்றீரியாவுக்கு ஈகின்றது. பற்றீரியா நைதரசனை அமோனியாவாக மாற்றிப் பயிருக்கு அளிக்கின்றது.

உவர் இந்நட்பைக் குலைப்பது எங்ஙனம்? மண்ணீரில் உப்பு மிகுந்தால், ஈரமிருந்தும் வேர் நீரை எளிதில் உறிஞ்சமாட்டாது. சோடியமும் குளோரைட்டும் இலைகளிற் சேர்ந்து நஞ்சாகின்றன. வேர்மயிர்கள் குன்றுதலாற் பற்றீரியா உட்புகும் வாயில் அடைபடுகின்றது. தோன்றிய கணுக்களும் செவ்வையாகத் தொழிற்படா. மண்ணின் நிறைசாற்றில் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 தெசிசீமனை எட்டினால் அதனை உவர்மண் என்பர். போஞ்சி 1 தெசிசீமனைக் கடந்ததும் விளைவு குன்றும். நிலக்கடலை ஏறக்குறைய 3.2 வரையும், கௌபி 4.9 வரையும் தாங்கும். பயிர் தாங்காத உப்பைக் கணுப் பற்றீரியாக்கள் பல தாங்கி வாழும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அத்தகைய வன்மையுடைய இனங்களை உவர்நிலத்தினின்றே தெரிந்தெடுத்துப் பெருக்குதல் முதலாவது வழி. அவை திரெகலோசு என்னும் வெல்லம் போன்ற பொருள்களைத் தம் கலத்தினுட் சேர்த்து நீரிழப்பைத் தவிர்க்கின்றன. வேரைச் சூழ்ந்து வாழும் பிற பற்றீரியாக்களைத் துணைசேர்த்தல் இரண்டாவது வழி. உவரால் வருந்தும் பயிர் எதிலீன் வாயுவை மிகுதியாக ஆக்கித் தன் வேர்வளர்ச்சியைத் தானே தடுக்கின்றது. இப்பற்றீரியாக்களுட் சில எதிலீனின் முன்னோடிப் பொருளைச் சிதைத்து அத்தடையைத் தளர்த்துகின்றன. வேறு சில, தாம் சுரக்கும் பசையிற் சோடியத்தைப் பிணிக்கின்றன. பருத்திப் பாசனத்தால் உவரேறிய நிலங்களையுடைய உஸ்பெகிஸ்தானில், கடலைப் பயிருக்குக் கணுப் பற்றீரியாவுடன் பசில்லசு இனமொன்றையும் சேர்த்து இட்டபோது, தனித்து இட்டதினும் பயிரும் கணுக்களும் நன்கு வளர்ந்தன.

பயன்படுத்துவோர் சிலவற்றை மறத்தலாகாது. கடலைக்குரிய பற்றீரியா பயற்றுக்கு உதவாது. பயிருக்கேற்ற இனமே வேண்டும். பற்றீரியா கலந்த மக்குத் தூளை ஆறிய கஞ்சியிற் குழைத்து, விதைமேற் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்தல் நன்று. வெயிலும் விதைக்கிடும் நஞ்சுமருந்தும் அதனைக் கொல்லும். யூரியாவை மிகுதியாக இட்டால் கணுக்கள் தோன்றா.

இனி, நுண்ணுயிர் உப்பை உண்டு நிலத்தைத் தூய்மையாக்கும் என எவரேனும் விலைகூறின் அதனை நம்பற்க. உப்பு வெளியேற நன்னீரும் வடிகாலும் வேண்டும். சோடியம் மிகுந்து இறுகிய களருக்கு ஜிப்சம் இடல்வேண்டும். கிணற்றை அளவறிந்து இறைத்தல் இவை யாவற்றினும் முந்தியது. இவற்றைச் செய்தார்க்கே பற்றீரியா துணையாம்; செய்யாதார்க்கு அது வெறுஞ் செலவாம்.

மாணவர்கள் பூக்கும் பருவத்துப் பயற்றஞ்செடி ஒன்றை வேரறாமற் கிண்டியெடுத்து, கணுவொன்றை நகத்தாற் பிளந்து பார்ப்பாராக. உள்ளே இளஞ்சிவப்பாயின் அது தொழிற்படுகின்றது. வெளிறியோ பசுமையாகவோ இருப்பின் தொழிற்படவில்லை. கல்லூரித் தோட்டத்தில் பற்றீரியா பூசிய விதையை ஒரு பாத்தியிலும், பூசாததை மறு பாத்தியிலும் இட்டு, இருவகைக் கணுக்களையும் எண்ணி எழுதிவைத்தல் சாலும். உவர்நிலம் உடைய பழைய மாணவர்களும் தம் காணியில் ஒரு பாத்தியை இச்சோதனைக்கு ஒதுக்குவாராயின், இவ்வூர் மண்ணுக்கு ஏற்றது எதுவென்பதை நாமே அறிந்துகொள்ளலாம்.