மேலறை நடுக்கம்: இதயத்தின் சீரும் மூளையின் காப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நீடித்து நிற்கும் இதயத் துடிப்புச் சீர்குலைவுகளுள் மிகப் பரவலானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம். இதயத்தில் தோன்றும் இந்நோயின் பெருங்கேடு மூளையில் நிகழ்கிறது. இதனைக் கண்டறியும் முறைகளையும் சிகிச்சையின் நோக்கங்களையும் விளக்கும் இக்கட்டுரை, துடிப்பு சீரடைவதும் பக்கவாதத்திலிருந்து காப்புப் பெறுவதும் வெவ்வேறானவை என்பதைச் சான்றுகளுடன் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: மேலறை நடுக்கம், இதய மின்வரைபடம், பக்கவாதம், உறைவெதிர்ப்பு மருந்து.

முன்னுரை

ஓய்வு நிலையில் வளர்ந்தோரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் எழும் மின்தூண்டல் மேலறைகளைச் சுருங்கச் செய்து, ஏ.வி. கணுவில் சற்றே தாமதித்து, பின்னர்க் கீழறைகளை அடைகிறது. இவ்வொழுங்கின் தொடக்கப்புள்ளியான சைனஸ் கணுவை ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகிய இருவரும் 1907ஆம் ஆண்டு விவரித்தனர்.

மேலறை நடுக்கத்தில் ஒழுங்கற்ற மின்தூண்டல்கள் மேலறைகளெங்கும் விரைந்து அலைகின்றன. அதனால் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. ஏ.வி. கணு அத்தூண்டல்களுள் சிலவற்றை மட்டுமே கீழே விடுவதால் நாடி எவ்வித ஒழுங்குமின்றித் துடிக்கிறது. இடது மேலறையை ஒட்டியுள்ள சிறு பையில் குருதி தேங்கி உறைகிறது. அவ்வுறைகட்டி பெயர்ந்து மூளைத் தமனியை அடைக்குமாயின் பக்கவாதம் விளைகிறது. இந்நோய் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குவதை அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1991இல் வெளியிட்டது.

கண்டறியும் முறைகள்

படபடப்பு, மூச்சுத்திணறல், களைப்பு, தலைச்சுற்றல் ஆகியன இதன் அறிகுறிகள். எனினும் பலருக்கு எவ்வறிகுறியும் தோன்றுவதில்லை. சிலருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது. ஆதலால் முதியோரின் நாடியைத் தொட்டுப் பார்த்தல் எளிய முதற்சோதனையாகும்.

நோயை உறுதிசெய்வது இதய மின்வரைபடமே. இக்கருவியியலுக்காக வில்லெம் ஐந்தோவன் 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் ‘பி’ அலை மறைந்து, துடிப்புகளுக்கிடையிலான இடைவெளிகள் சமனற்றிருப்பது இந்நோயின் அடையாளம்.

வழக்கமான மின்வரைபடம் ஏறத்தாழ 10 நொடிகளையே பதிவுசெய்கிறது. வந்துவந்து மறையும் நடுக்கம் அக்கணத்தில் இல்லையெனில் வரைபடம் இயல்பாகவே தோன்றும். எனவே 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி, மார்பில் ஒட்டும் பதிவுப்பட்டை, தோலடியில் பொருத்தும் பதிவுக்கருவி ஆகியன பயன்படுகின்றன. காரணம் புலப்படாத பக்கவாதம் கண்டோரிடம் நடத்தப்பெற்று 2014இல் வெளியான ‘கிரிஸ்டல் ஏஎஃப்’ ஆய்வில், தோலடிக் கருவி ஓராண்டில் 12.4 விழுக்காட்டினரிடம் நடுக்கத்தைக் கண்டறிந்தது. வழக்கமான கண்காணிப்பில் அது 2 விழுக்காடே. நோய் உறுதியானபின் எதிரொலி வரைபடத்தால் வால்வுகளையும், குருதிச் சோதனையால் தைராய்டு இயக்கத்தையும் ஆராய்தல் வேண்டும்.

உறைவைத் தடுத்தல்

முதுமை, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, குருதிக்குழாய் நோய், முன்னர் நேர்ந்த பக்கவாதம் ஆகியவற்றை மதிப்பெண்களாகக் கூட்டி, உறைவெதிர்ப்பு மருந்து தேவையா என முடிவுசெய்யப்படுகிறது. ஆஸ்பிரின் இம்மருந்திற்கு மாற்றாகாது.

அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு அடிக்கடி குருதியுறைவுச் சோதனை தேவையில்லை. ஆயினும் கீல்வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின் வகையே ஏற்றது. 2022இல் வெளியான ‘இன்விக்டஸ்’ ஆய்வு, கீல்வாத இதய நோயுடன் நடுக்கமும் உள்ளோரிடம் ரிவரோக்சபானைவிட அவ்வகை மருந்து மேம்பட்டிருப்பதைக் காட்டியது. இவ்வால்வு நோய் இன்னும் நீங்காத இந்தியாவிற்கு இம்முடிவு இன்றியமையாதது. வார்ஃபரின் உண்போருக்குக் குருதியுறைவுக் குறியீடான ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். அவர்கள் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவு பெரிதும் மாறாதிருந்தால் போதும்.

வேகமும் சீரும்

பீட்டா தடுப்பான் போன்ற மருந்துகளால் நாடியின் வேகத்தைக் குறைப்பது ஒருவழி. மருந்து, மின்னதிர்ச்சி, வடிகுழாய் நீக்கம் ஆகியவற்றால் இயல்பான சீரை மீட்பது மற்றொரு வழி. நடுக்கத்தைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் எழுவதை மிஷெல் ஐசகேரும் குழுவினரும் 1998இல் காட்டினர். வடிகுழாய் நீக்கம் அக்கண்டுபிடிப்பின் பயனாக வளர்ந்தது.

இவ்விரு வழிகளையும் 4,060 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ‘அஃபர்ம்’ ஆய்வு 2002இல் வெளியாயிற்று. சீரை மீட்கும் வழி ஆயுளை நீட்டவில்லை. இரு பிரிவுகளிலும் பக்கவாதங்களுள் பெரும்பாலானவை வார்ஃபரினை நிறுத்தியபின்னரோ, அதன் செயல் போதிய அளவில் இல்லாதபோதோ நேர்ந்தன என்பது இன்னும் கருதத்தக்கது. நோய் கண்டறிந்த ஓராண்டிற்குள் சீரை மீட்கத் தொடங்குவது பக்கவாதம் உள்ளிட்ட கேடுகளைக் குறைப்பதாக 2020இல் ‘ஈஸ்ட்’ ஆய்வு காட்டியது. ஆனால் அவ்வாய்விலும் உறைவெதிர்ப்பு மருந்து சிகிச்சையின் அடித்தளமாகவே தொடர்ந்தது.

முடிவுரை

படபடப்பு நின்றதும் நோய் நீங்கியதாகக் கருதி உறைவெதிர்ப்பு மருந்தைத் தாமே நிறுத்துவது நோயாளிகளிடம் நிகழக்கூடிய பெரும்பிழை. அறிகுறியற்ற நடுக்கம் மீண்டும் எழலாம். முதுமையும் குருதியழுத்தமும் நீரிழிவும் அகல்வதில்லை. ஆகவே அம்மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை நாடியின் அமைதியை மட்டும் கொண்டு முடிவுசெய்யலாகாது. பக்கவாத வாய்ப்பையும் குருதிக்கசிவு வாய்ப்பையும் ஒருங்கே எடைபோட்டு மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது அது.