ஜவ்வாது மலைமேல் ஒரு விண்ணோக்கி

வெளியூர் நண்பர் வந்தால் அவருக்கு எதைக் காட்டுவீர்கள்? வேலூர்க் கோட்டையையும் ஆம்பூர் பிரியாணியையும் அவரே கேட்பார். நீங்கள் அவரைக் காவலூருக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வாணியம்பாடியின் தோல் ஷாப்புகளைத் தாண்டி, ஆலங்காயம் வழியே மலையேறினால், ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியே எல்லோர் கண்ணிலும் முதலில் படும். எனக்கோ அங்குள்ள பழைய 1 மீட்டர் தொலைநோக்கியின் மீதுதான் பிரியம்.

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்விண்மீனின் ஒளியை இத்தொலைநோக்கியால் அளந்துகொண்டிருந்தார்கள். கோள் அதை எட்டுமுன்பே ஒளி சில விநாடிகள் மங்கி, மீண்டும் தெளிந்தது. குறுக்கே போனது எது? துணைக்கோளாக இருக்கலாமோ? இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்தில் இருந்தவர்களோ, கோளின் இருபுறமும் இத்தகைய மங்கல்களைக் கண்டார்கள். ஒரு துணைக்கோளால் இருபுறமும் மறைக்க இயலாது. கோளைச் சுற்றி வளையங்கள் இருந்தால்தான் இயலும். யுரேனஸின் வளையங்கள் இவ்வாறே வெளிப்பட்டன. கரிபோல் கறுத்தவை அவை. வேறு வழியில் எளிதில் அகப்பட்டிரா.

இத்தகைய நுண்ணிய அளவீட்டுக்கு இருள் வேண்டும். நம் ஊர்த் தெருவிளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சென்று, காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, மலைக்கு மேலுள்ள வானையும் வெளுக்கச் செய்கிறது. விளக்கின்மேல் ஒரு மூடி இருந்தால் ஒளி தெருவில்தான் விழும்.

பார்வையாளர் நாளை முன்னதாக விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். பிப்ரவரி மாத முன்னிரவில் தெற்கே அகத்திய விண்மீன் பளிச்சென்று தெரியும். இலண்டன்வாசிகளுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை!